ஞாயிறு மாங்குளத்தில மொறிஸ் பிக்கப் வேலை

வணக்கம் எல்லாருக்கும். வாற ஞாயிறு காலமை 8 மணிக்கு எங்கட வீட்டு மாமரத்துக்குக் கீழ மொறிஸ் மைனர் பிக்கப்பின்ர காபரேற்றரை (பெற்றோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்குக் குடுக்கிறது) கழட்டப் போறன். ஏலுமானவை வாங்கோ. காபரேற்றருக்கு உள்ளுக்க இருக்கிற பிஸ்ரனை விரலால தூக்கி விட்டா 'டக்' எண்டு கீழ விழவேணும். என்ரது பாதியில நிண்டு யோசிக்குது.

90களில பெற்றோல் துளியில ஸ்ராட் பண்ணி, சூடேற மண்ணெண்ணெய்க்கு மாத்தி ஓடின வண்டி. எரியாத மண்ணெண்ணெய் இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கிப்போடும். எஞ்சின் பிஸ்ரனைச் சுத்தியிருக்கிற றிங்கும் தேய்ஞ்சுதான் இருக்கும், அதைப் பிறகு பாப்பம்.

மொறிஸ், ஒஸ்ரின் வைச்சிருக்கிறவை பற்றறி மாத்தேக்க கவனம்! பழசுகளில பற்றறியின்ர பொசிற்றிவ் முனைதான் வண்டியின்ர இரும்பு பொடிக்குப் போறது. இப்பத்தய வாகனம் எண்ட நினைப்பில நான் மாறிக் குடுத்து, வயர் புகைஞ்சு, கட்டவுட்டின்ர (டைனமோவையும் பற்றறியையும் இணைச்சு வெட்டிற சுவிச்) முனை ரெண்டும் ஒட்டிப்போச்சு. வீட்டுக்காரி இன்னும் சிரிக்கிறா.

பீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) ஆரிட்டயும் இருந்தாக் கொண்டு வாங்கோ, ஸ்பார்க்குக்குக் கறன்ற் வெட்டிற போயின்ற் இடைவெளி 0.4 மி.மீ. அளவில வைக்கவேணும். என்ரதை எலி கொண்டு போட்டுது போல.

மத்தியானம் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். வாறவை சனி பின்னேரத்துக்கு முதல் இதில சொல்லுங்கோ, அரிசி போடவேணும்.