செலவுக் கத்தரி விழ வேண்டிய இடம் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடனைக் குறைக்க அரசுகள் செலவைச் சுருக்க வேண்டும் என்னும் வாதத்தை எங்கள் மண்டபம் கரை எளிதில் தள்ளிவிடாது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்திவைத்தது. அதற்கு முந்தைய மாதமே, அரிசியும் பால்மாவும் வாங்க வழியற்ற தமிழ்க் குடும்பங்கள் கைக்குழந்தைகளுடன் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கின. ஆனால், 2019 இறுதியில் மதிப்புக்கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைத்து அந்நாடு வருவாயைத் தானே இழந்ததும் அந்தச் சரிவுக்கு ஒரு காரணம் என்பதைச் சிக்கனம் பேசுவோர் ஏனோ சொல்வதில்லை.

எல்லாச் செலவும் ஒன்றல்ல. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கையில் தரப்படும் தடைக்கால நிவாரணத்தில் கைவைத்தால், மீனவர் வட்டிக்கு வாங்குவார். அரசின் கடன் அவர் தலைக்கு மாறும், அவ்வளவே. எங்கள் ஊர் மீன் இறங்குதளத்தில் பெயர்ந்த படிகளைப் பூச நிதியில்லை என்று ஆண்டுக்கணக்கில் சொன்னார்கள்; சில மூட்டை சிமெண்டில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. இன்று தளத்தின் ஒரு பக்கமே கடலுக்குள் சரிந்து, கூடை சுமக்கும் பெண்கள் முழங்கால் நீரில் நடக்கிறார்கள். விழாப் பந்தல்களையும் விளம்பரங்களையும் தாராளமாக வெட்டட்டும். பராமரிப்பு நிதியை மட்டும் தனிக் கணக்காக ஒதுக்கி, அதில் கைவைக்காதிருக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மண்டபம்