நர்ஸம்மாவுக்காக வந்து நின்றவர்களுக்கு

பேரன்புடையீர்,

வணக்கம். தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு வட்டாரத்தில் மூன்று தலைமுறையினர் 'நர்ஸம்மா' என்று அழைத்த எங்கள் அத்தை மறைந்து, பதினாறாம் நாள் நினைவுக் கூட்டமும் நடந்து முடிந்துவிட்டது. அவருடைய நோய்க்காலத்திலும், மறைந்த நாளிலும், அதன் பின்னும் எங்கள் குடும்பத்துக்குத் துணை நின்ற உங்கள் எல்லோரையும் வீடு தேடி வந்து பார்ப்பது இயலாத காரியம் என்பதால் இம்மடலை எழுதுகிறோம். உதவியவர்கள் யார் யார் என்று அப்பாவும் நானும் உட்கார்ந்து குறித்துக்கொண்டே வந்தபோது ஒன்று தெளிவாயிற்று: அத்தையிடம் ஒரு முறையாவது திட்டு வாங்காதவர் ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. பெயர்களை எழுதத் தொடங்கினால் விடுபட்டவர்களுக்கு மனக்குறை உண்டாகும் என்பதால் யாருடைய பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. "பேரு போட்டுப் பாராட்டினா மறுநாள்லருந்து வேலை செய்யமாட்டான்" என்பது அத்தையின் உறுதியான கருத்து என்பதும் ஒரு காரணம்.

முதல் நன்றி, தொடர்வண்டித் தடத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கு. அத்தைக்கு மூச்சுத் திணறல் வந்த இரவுகளிலெல்லாம் பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி மருத்துவமனைக்கு அவரைக் கொண்டு சேர்த்தவர் இவர்தான். அத்தை இவரை 'கூட்ஸு' என்றுதான் கூப்பிடுவார். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் சரக்கு வண்டிக்காகக் காத்துக் கிடந்த அனுபவம் இல்லாதவர் எங்கள் பக்கத்தில் யாருமில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலையில், ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கு ரிக்ஷாவில் அழைத்துச் செல்லப்பட்ட ஒரு நிறைமாதப் பெண் அந்தக் கேட்டில் மாட்டிக்கொண்டார். பணி முடித்து வந்துகொண்டிருந்த அத்தை, சுற்றிலும் நின்ற பெண்களை முந்தானையை விரித்து மறைப்புக் கட்டச் சொல்லி, வேடிக்கை பார்த்த ஆண்களைத் திரும்பி நின்று ரயில்பெட்டிகளை எண்ணச் சொல்லி, அங்கேயே பிரசவம் பார்த்தார். கடைசிப் பெட்டி கடப்பதற்குள் பிறந்துவிட்ட அந்தக் குழந்தைக்கு அன்றைக்கே பட்டப்பெயரும் வைத்தாயிற்று. அவர் வளர்ந்து ஆட்டோ ஓட்டத் தொடங்கிய பின் அத்தையிடம் காசு வாங்க மறுத்தபோது, "பொறந்தப்ப நான் உங்கிட்ட வாங்கல, அதுக்காக நீ இப்ப வாங்காம இருந்தா அதுக்குப் பேரு லஞ்சம்டா கூட்ஸு" என்று சொல்லி, மீட்டருக்கு மேல் ஒரு ரூபாய்கூடச் சேர்க்காமல் கையில் திணித்துவிடுவார். கடைசி மாதங்களில் அத்தைக்குக் காசு எண்ணிக் கொடுக்கும் தெம்பு இல்லை. அந்தச் சமயம் பார்த்து அவர் வாங்காமல் விட்ட தொகையை இப்போது நாங்கள் கொடுக்க முயன்றோம். அவர் எங்களைத் திட்டினார். யாரிடம் கற்றுக்கொண்டார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அத்தை பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளி ஒருவரின் மூத்த மகளாகப் பிறந்தவர். நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918-இல் உருவானது அந்த ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் என்பதால், எதிர்க்கேள்வி கேட்பது எங்கள் குடும்பச் சொத்து என்று தாத்தா பெருமையாகச் சொல்வாராம். வேறு சொத்து இல்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். செவிலியர் பயிற்சி முடித்து எழுபதுகளின் தொடக்கத்தில் மாநகராட்சிப் பணியில் சேர்ந்த அத்தை, ஓய்வுபெறும் வரை வடசென்னையை விட்டு வெளியே மாறுதல் கேட்டதில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "தினமும் பத்துப் பொம்பளைங்க புருஷனைத் திட்டிக்கினே புள்ளை பெத்துக்கிறதைப் பார்த்தவ நான்" என்பதே பதில்.

அவருடன் பணியாற்றிய செவிலியர்களும், மருத்துவமனை ஆயாக்களும், சுகாதாரப் பணியாளர்களும் தங்கள் முதுமையைப் பொருட்படுத்தாமல் எண்ணூரிலிருந்தும் மாதவரத்திலிருந்தும் பேருந்து மாறி வந்து எங்களுடன் உட்கார்ந்திருந்தீர்கள். நீங்கள் சொல்லித்தான் பல செய்திகள் எங்களுக்கே தெரியவந்தன. நாட்டிலிருந்து பெரியம்மை 1975-இல் விடைபெறுவதற்குச் சற்று முன் பணியில் சேர்ந்தவர் அத்தை என்பதால், அம்மை குத்த வருபவர்களைக் கண்டு கதவடைத்த வீடுகளின் முன் நின்று, "மாரியாத்தாளுக்கும் எனக்கும் சண்டை ஒண்ணும் இல்ல, அவ வேலையை அவ பார்க்கட்டும், என் வேலையை நான் பார்க்கிறேன்" என்று சொல்லியே உள்ளே போவாராம். 1992-இன் பிற்பகுதியில் சென்னையில் முதலில் தலைகாட்டிப் பின்னர் வங்கம் வரை பரவிய புதுவகைக் காலரா வந்தபோது, தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனைக்கு ஆட்களை அனுப்புவது ஒருபுறமிருக்க, வீட்டுக்கு வீடு நின்று, கொதிக்க வைத்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கக் கற்றுக்கொடுத்தீர்கள் என்று சொன்னீர்கள். கரண்டியில் கோபுரமாக அள்ளிய பெண்களிடம், "இது பாயசம் இல்ல கண்ணு, தட்டிவிட்டு அள சமமா" என்று அத்தை சொன்னதை நீங்கள் நடித்துக் காட்டியபோது, துக்க வீடு என்பதை மறந்து எல்லோரும் சிரித்தோம். அன்றைக்கு எங்களுக்கு அது மிகவும் தேவையாக இருந்தது. அதற்காகத் தனியே ஒரு நன்றி.

காசிமேட்டு ஐஸ் வியாபாரியின் குடும்பத்தாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். நாடு முழுவதும் 1995-இல் போலியோ சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கிய காலத்தில், மின்வெட்டு வந்தால் மருந்துப் பெட்டியின் குளிர்ச்சி போய்விடுமே என்பதுதான் அத்தையின் பெரிய கவலை. முகாம் நாளின் விடியற்காலையில் துறைமுகத்துக்கு நேராகப் போய், மீனுக்கு உடைக்கிற ஐஸில் அன்றைய முதல் கட்டியைத் தனக்கென்று கேட்டு வாங்கி வருவார். அந்தப் பெரியவர் காசு வேண்டாம் என்பார். அத்தை காசையும் கொடுத்து ரசீதும் கேட்பார். ஐஸுக்கு ரசீது கேட்ட ஒரே ஆள் அவர்தான் என்று அந்தப் பெரியவரின் மகன் நினைவுக் கூட்டத்தில் சொன்னார். பிற்காலத்தில் மருந்துக் குப்பியின் மேலேயே நிறம் மாறும் அடையாளம் வந்துவிட்டது. வட்டத்துக்குள் இருக்கும் சதுரம் வட்டத்தின் நிறத்தை அடைந்துவிட்டால் அந்த மருந்து உதவாது. அதன்பின்னும் அத்தை ஐஸ் வாங்கப் போவதை நிறுத்தவில்லை. இந்தியா போலியோ இல்லாத நாடு என்று 2014-இல் அறிவிக்கப்பட்டபோது ஓய்வில் இருந்த அத்தை, செய்தியைக் கேட்டதும் செய்த முதல் காரியம் அந்தப் பெரியவர் வீட்டுக்கு ஒரு பெட்டி மைசூர்பாகுடன் போனதுதான். அந்த வீட்டார், நினைவுக் கூட்டத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் மோர் கொடுத்து, அதற்கான ஐஸையும் அனுப்பிவைத்தார்கள். ரசீதோடு. தொகை என்ற இடத்தில் கோடு போட்டிருந்தது.

எங்கள் தெருப் பெண்களுக்கு நன்றி சொல்வது எப்படி என்றுதான் தெரியவில்லை. கடைசி வாரங்களில் முறை வைத்துக்கொண்டு வந்து அத்தைக்குக் கஞ்சி காய்ச்சி, உடம்பு துடைத்து, புடவை மாற்றிவிட்டுப் போனவர்கள் நீங்கள். 2013-இல் தண்டையார்பேட்டையில் சில தெருக்களின் ஆழ்குழாய்க் கிணறுகளில் எண்ணெய் கலந்த நீர் வந்தபோது, அத்தையோடு ஓர் அலுவலகத்துக்குப் போனவர்களும் நீங்களே. மேசை மீது பாட்டிலை வைத்து, "சார், இது வண்டிக்கு ஊத்துறதா, வாயில ஊத்துறதா? வண்டிக்குன்னா லிட்டருக்கு என்ன விலைன்னு சொல்லுங்க, நாங்க பங்க் வெச்சுக்கிறோம்" என்று அத்தை கேட்டதை இன்றைக்கும் நீங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிக்கிறீர்கள். அந்தச் சிரிப்பை விடவும், அலுவலகத்தில் இருந்தவர் லாரி அனுப்புவதாகக் கையெழுத்துப் போடும் வரை யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று அத்தை வைத்த விதியைத்தான் நான் நினைத்துப் பார்க்கிறேன். அவருடைய நகைச்சுவையைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டாம் பகுதியை விட்டுவிடுகிறார்கள். சிரிக்க வைத்துவிட்டு எழுந்து வருகிற ஆள் அல்லர் அவர்.

மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, 2023 டிசம்பரில், எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய பகுதிகளில் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்த நாட்களில் உதவிக்கு ஓடிய இளைஞர்களும் இந்த வாரங்களில் எங்களுடன் இருந்தீர்கள். அப்போது வண்டி நிறைய ரொட்டி கொண்டுவந்த உங்களை நிறுத்தி, "தின்னுட்டு எங்கே போறதுன்னு யோசிச்சீங்களாடா?" என்று அத்தை கேட்டார். பிளீச்சிங் பவுடர், வாளி, பெண்களுக்கான நாப்கின், குழந்தைகளுக்கான மாற்றுத்துணி என்று ஒரு பட்டியலை எழுதிக் கொடுத்து உங்களைத் திருப்பி அனுப்பினார். கோபப்படாமல் போய் வாங்கிவந்தீர்கள். இப்போதும் யாரும் சொல்லாமலே பந்தல்கால் நட்டதும், தண்ணீர்க் கேன் அடுக்கியதும், கூட்டம் முடிந்த இரவே தெருவைக் கூட்டி வைத்ததும் நீங்கள்தான்.

ஸ்டான்லி மருத்துவமனையின் மருத்துவர்கள், செவிலியர்கள், தூய்மைப் பணியாளர்கள் எல்லோருக்கும் எங்கள் உளமார்ந்த நன்றி. செவிலியரே நோயாளியாகப் படுத்தால் என்ன நடக்குமோ அதுவெல்லாம் அந்த வார்டில் நடந்தது. நரம்பு கிடைக்காமல் தடுமாறிய பயிற்சி மாணவியிடம் கையை நீட்டி, "பயப்படாத குத்து, இந்தக் கைக்கு ஊருக்கெல்லாம் குத்தின கடன் இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். தூய்மைப் பணி செய்யும் அம்மா வருவதற்கு முன் பார்வையாளர்கள் காலைத் தூக்கி உட்காரவேண்டும் என்ற அவருடைய சட்டத்துக்கு எங்கள் அப்பாவும் விலக்கு பெறவில்லை.

அத்தை தம்முடைய உடலை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கவேண்டும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டு வைத்திருந்தார். உறவில் மூத்தவர்கள் சிலருக்கு அதில் சம்மதமில்லை. தாத்தாவும் பாட்டியும் அடங்கிய மூலக்கொத்தளம்தான் முறை என்றும், மொழிப்போரில் உயிர்நீத்த நடராசனும் தாளமுத்துவும் அடங்கிய மண்ணுக்குப் போவது பெருமை என்றும் அவர்கள் சொன்னார்கள். அந்தப் பெருமையை அத்தையும் மறுத்தவர் அல்லர். அவர் இருந்தபோதே சொன்ன பதில் இது: "மூலக்கொத்தளத்துல ஒரே நாள்ல முடிஞ்சுபோறதுக்கு, ஸ்டான்லியில இன்னும் கொஞ்ச நாள் டூட்டி பார்த்துட்டுப் போறேன். இப்பவாவது அங்க எவனும் என்னைப் பதில் பேசாதேன்னு சொல்லமாட்டான்." இதை எடுத்துச் சொன்ன பிறகு, மாலையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்ற பெரியப்பா, அமரர் ஊர்தியின் கதவைத் தாமே திறந்துவிட்டார். மனம் ஒப்பாமலும் அத்தையின் விருப்பத்துக்கு வழிவிட்ட உறவினர்களுக்கு மற்ற எவரையும் விட அதிகமாக நன்றி சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டு செய்வது எளிது.

உயிர் பிரிந்த விடியலில் எங்களுக்குக் கையும் காலும் ஓடவில்லை. கண்களை ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கவேண்டும் என்பதை நினைவூட்டி, மின்விசிறியை நிறுத்தி, தலைக்குத் தலையணை உயர்த்தி, இமைகளின் மேல் ஈரப்பஞ்சு வைத்தவள் எதிர்வீட்டில் செவிலியர் படிப்புப் படிக்கும் பெண். தொலைபேசியில் கேட்டவுடன் வந்த கண் வங்கிக் குழுவினர், மரணச் சான்று எழுதித்தந்த தெருமுனை மருத்துவர், உடலைப் பெற்றுக்கொள்ளும்போது எழுந்து நின்று வணங்கிய உடற்கூறியல் துறையினர் ஆகியோருக்கு நாங்கள் என்றும் நன்றியுடையவர்கள். முந்தைய இரவெல்லாம் தூங்காதிருந்த எங்களுக்காக மறுநாள் இரவு கானா பாடிய தம்பிகளுக்கும் நன்றி. அழுகிற பாட்டு கூடாது என்று அத்தை சொல்லியிருந்ததை யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர் லாரியைப் பற்றியும் ரயில்வே கேட்டைப் பற்றியும் நீங்கள் பாடியதை அவர் கேட்டிருந்தால், எதுகை சரியில்லாத இரண்டு இடங்களைக் கட்டாயம் சுட்டிக்காட்டியிருப்பார்.

அத்தை பயன்படுத்திய குடிநீரில் குளோரின் அளவு பார்க்கும் கருவியையும், தெருவாரியாகத் தடுப்பூசிக் கணக்கு எழுதிய குறிப்பேடுகளையும், அவருடன் பணியாற்றியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களிடமே ஒப்படைத்திருக்கிறோம். மலர்வளையத்துக்குப் பதிலாகச் சிலர் கொடுத்த பணம், எதிர்வீட்டுப் பெண் உள்ளிட்ட தெருப்பிள்ளைகளின் புத்தகச் செலவுக்குப் போகிறது. கணக்கு எங்கள் வீட்டு வாசற்பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து சரிபார்க்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நினைவுக் கூட்டச் சமையலுக்காக நீங்கள் கொடுத்தவற்றில் இரண்டு பெரிய அலுமினியக் குண்டான்கள், ஒரு ஜல்லிக்கரண்டி, மூடி இல்லாத ஒரு டிபன் கேரியர், ஒரு கறுப்புக் குடை, இடதுகால் செருப்பு ஒன்று ஆகியவை இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன. உரியவர்கள் அடையாளம் சொல்லி எடுத்துச் செல்லவும். மாலை ஆறு மணிக்கு மேல் அப்பா வீட்டில் இருப்பார்.

நன்றியுடன்,
நர்ஸம்மாவின் தம்பி குடும்பத்தார்,
தண்டையார்பேட்டை, சென்னை.