காலை உடைத்துக்கொண்டால் அதிர்ஷ்டமா?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் நாடகக்காரர்கள் மேடையேறுமுன் சொல்லிக்கொள்ளும் 'பிரேக் எ லெக்' (காலை உடைத்துக்கொள்) வாழ்த்து பற்றி எழுதியிருந்தீர்கள், நல்ல விஷயம், ஆனால் அமெரிக்க அதிபர் லிங்கனை நாடக அரங்கில் சுட்ட நடிகர் ஜான் வில்க்ஸ் பூத் மேடையில் குதித்துக் காலை உடைத்துக்கொண்டதால்தான் அது வந்தது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கொலை நடந்தது 1865-இல். இந்தப் பேச்சு அச்சில் தென்படுவதோ 1920-களில்தான். இடையில் அரை நூற்றாண்டு ஒருவரும் எழுதாமலா இருந்தார்கள்? 1921-இல் ஐரிஷ் எழுத்தாளர் ராபர்ட் லிண்ட் எழுதிய கட்டுரையில்கூட இது குதிரைப் பந்தயக்காரர்களின் வழக்கமாகத்தான் வருகிறது: நேராக வாழ்த்தினால் கெடுதல், அதனால் உன் கால் உடையட்டும் என்று திட்டுகிற மாதிரி சொல்ல வேண்டுமாம். ஜெர்மன்காரர்கள் இன்னும் மோசம், வாழ்த்தும்போது காலோடு கழுத்தையும் சேர்த்து முறிக்கிறார்கள்! அங்கிருந்துதான் ஆங்கிலத்துக்கு வந்தது என்பவர்கள் உண்டு, எனக்கும் அதுதான் நம்பும்படி இருக்கிறது.

அப்புறம், கண்பட்டுவிடக் கூடாது என்று மரத்தைத் தொட்டுச் சொல்கிற 'டச் வுட்'டுக்குப் பழங்கால மர வழிபாட்டைக் காரணம் சொல்லியிருந்தீர்கள். மரத்தைத் தொட்டுவிட்டால் அவுட் இல்லை என்று 19-ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்களே, அதிலிருந்து வந்ததா என்றும் கொஞ்சம் பாருங்கள்.

– ஒரு வாசகி, மதுரை