கடனைக் கழித்துவிட்டு எழுது

அன்புள்ள பாப்பா,

இங்கே அங் மோ கியோவில் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

வெள்ளிக்கிழமை நீ தலைப்புப் போட்ட செய்தியைப் படித்தேன். '34 வயதில் கோடீஸ்வரர்'. ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரரிடமும் காட்டினேன். ஆனால் அந்தப் பையனிடம் இருப்பது மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி பெறும் வீடு. மில்லியன் என்றால் பத்து லட்சம்தானே, கோடியில் பத்தில் ஒரு பங்கு. ரூபாயில் ஐந்து கோடியைத் தாண்டும் என்பாய். நம் வாசகர் சம்பளம் வாங்குவது வெள்ளியில்.

ஒரு காலத்தில் லட்சாதிபதி என்றாலே வாய்பிளப்பார்கள். லட்சம் மலிந்ததும் கோடீஸ்வரர் வந்தார். ஆங்கிலச் செய்தியில் மில்லியனர் என்றிருந்தால் கை தானாக அந்தச் சொல்லுக்குப் போகும், ஈஸ்வரன் சேர்ந்ததால் அதற்கொரு கம்பீரம். அப்புறம் பில்லியனர் வரும்போது சொல் தீர்ந்துவிடும். பில்லியன் நூறு கோடி. அவரும் கோடீஸ்வரர், இவரும் கோடீஸ்வரர் என்றால் ஆயிரம் மடங்கு வித்தியாசம் எங்கே போயிற்று? போர்ப்ஸ் பணக்காரர் பட்டியலை மொழிபெயர்க்கும்போது 'பெருங்கோடீஸ்வரர்' என்று நீட்டாதே. தொகையைப் போடு, அமெரிக்க டாலர் என்று போடு, எந்தத் தேதிக் கணக்கு என்றும் போடு. பங்கு விலை இறங்கினால் மறுவாரமே அந்தத் தொகை செல்லாது.

இதெல்லாம் சின்ன விஷயம். கடனைக் கழிக்காமல் எழுதுவதுதான் பெரிய தப்பு. ஒரு பேச்சுக்கு, அந்தப் பையனுடைய முதல் வீடு, மில்லியன் வெள்ளிக்கு வாங்கிய தனியார் அடுக்குமாடி வீடு என்று வை. வங்கி தருவது அதிகபட்சம் 75 விழுக்காடு, 750,000. மீதியில் 50,000 ரொக்கமாகவே கட்ட வேண்டும். முத்திரைத் தீர்வை 24,600 தனி. கடன் தருமுன், கட்ட முடியுமா என்று வங்கி 4 விழுக்காட்டு வட்டி வைத்துப் பார்க்கும். 30 ஆண்டென்றால் மாதம் சுமார் 3,580 வெள்ளி. கார், படிப்பு, கடன் அட்டை எல்லாத் தவணையும் சேர்ந்து வருமானத்தில் 55 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. தாண்டாவிட்டாலும் கையில் எவ்வளவு மிஞ்சும், பாப்பா? அவனைக் கோடீஸ்வரர் என்பதா, கடன்காரர் என்பதா?

வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அரசாங்க வீடு மில்லியனுக்கு விற்றது என்ற செய்தியும் இப்படித்தான். விற்றவர் கைக்கு மில்லியன் வருவதில்லை. கடன் பாக்கி 500,000, பத்தாண்டுக்கு முன் மத்திய சேமநிதியிலிருந்து எடுத்தது 200,000 என்றால், அதை 2.5 விழுக்காட்டு வட்டியோடு, ஏறக்குறைய 256,000 ஆக, கணக்கில் திரும்பக் கட்ட வேண்டும். அவர் பணம்தான், ஆனால் கைக்கு வராது. மிஞ்சும் 244,000இல் முகவர் தரகும் வழக்கறிஞர் கட்டணமும் போகும். தலைப்பில் இடமில்லை என்றால் இரண்டாம் பத்தியிலாவது எழுது. கடனைக் கழித்துவிட்டு எழுது.

தீபாவளிக்கும் நீ வரவில்லை. பொங்கோலிலிருந்து எவ்வளவு தூரம்? நான் ஒன்றும் கேட்கவில்லை.

கேட்கும் யோக்கியதை எனக்கும் இல்லை. பழைய வீட்டை விற்றபோது விற்ற விலையை மட்டும்தான் அம்மாவிடம் சொன்னேன். வங்கிக்குப் போனதையும் சேமநிதிக்குத் திரும்பியதையும் சொல்லவில்லை. தலைப்பை மட்டும் படித்துக் காட்டிய மாதிரி. அவள் அந்தத் தொகையை நம்பித்தான் சித்தப்பாவுக்கு வாக்குக் கொடுத்தாள். அதற்கப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். சித்தப்பா வாக்குத் தவறியதாக இன்றுவரை அவளைத்தான் பேசுகிறார். நான் வாயைத் திறக்கவில்லை.

உன் பெயருக்கு வங்கியிலிருந்து மூன்று கடிதம் இந்த முகவரிக்கு வந்திருக்கிறது. பிரிக்கவில்லை. அம்மா கண்ணில் படாமல் என் அகராதிக்குள் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போனால் பதினொரு மணிக்கு முன் திரும்புவதில்லை.

அப்பா