பெட்டி உடைப்பவர்கள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். திங்கள் முதல், மருந்துப் பெட்டியைச் சில்லறைக்குப் பிரிப்பதென்றால் கத்தி வைக்கும் முன்பே அதில் நாம் ஒட்டிய ஸ்டிக்கரின் கியூஆரை ஸ்கேன் செய்து ‘பிரிப்பு’ போட்டுவிடுங்கள். பெட்டி கணக்கில் கழிந்து, உள்ளே இருக்கும் 10 அட்டைகள் தனித்தனி எண்களோடு இருப்பில் ஏறும். பேட்ச் (தயாரிப்புத் தொகுதி எண்), காலாவதித் தேதி தானாக வந்துவிடும், கையால் அடிக்க வேண்டாம். பிரிண்டரில் வரும் 10 ஸ்டிக்கரையும் அப்போதே ஒட்டுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து ஒட்டிக்கொள்ளலாம் என்றால் ஒரு பேட்ச் ஸ்டிக்கர் வேறு பேட்ச் அட்டைக்கு மாறிவிடும்.

பழைய பெட்டியின் நம் ஸ்டிக்கரைக் கிழித்துப் போடுங்கள். இல்லாவிட்டால் காலிப் பெட்டியை யாராவது ஸ்கேன் செய்து, இல்லாத சரக்கு கணக்கில் நிற்கும்.

‘கம்பெனி கியூஆர்தான் இருக்கிறதே, நம் ஸ்டிக்கர் எதற்கு’ என்று சிலர் கேட்டீர்கள். 2023 ஆகஸ்ட் 1 முதல் 300 பிராண்டுகளுக்கு அது கட்டாயம், சரி. அதில் மருந்தின் பெயர், பேட்ச், தேதிகள், உரிம எண் எல்லாம் வரும். நம் அலமாரியில் எத்தனை அட்டை மிச்சம் என்பது அதற்கு எப்படித் தெரியும்? ஆனால் கம்பெனி கியூஆரை மறைத்து நம் ஸ்டிக்கரை ஒட்டாதீர்கள்.

அப்புறம், ரிட்டர்ன் அட்டைகளை அவற்றின் ஸ்டிக்கரைக் கொண்டே ஏற்றுங்கள். பெட்டியாகத் திரும்பச் சேர்க்க வேண்டாம். ஸ்டிக்கர் ரோல் பில்லிங் மேஜையின் கீழ் டிராயரில் இருக்கிறது.