செயலாளரின் ஆண்டறிக்கை – 2003

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் போஷகர்களுக்கும் நிர்வாக சபையினருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

மாணவருக்கான வார இறுதிக் கணினி வகுப்புகள் வழமைபோல் நடைபெற்றன. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எமது உறுப்பினர்களை இணையவழியே ஒலியும் ஒளியுமாக மாதாந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வது என்ற சென்ற ஆண்டுத் தீர்மானம் என்னவாயிற்று என்பதையே இங்கு விரிவாகக் கூற விரும்புகிறேன்.

விண்டோஸுடன் இலவசமாகவே கிடைப்பதால் மைக்ரோசொப்டின் இணையவழிக் கூட்ட மென்பொருளான நெட்மீட்டிங்கைத் தெரிந்தெடுத்தோம். அதில் எழுத்துரையாடலிலும் வெண்பலகையிலும் பலர் சேரலாமாயினும், ஒலியும் ஒளியும் ஒரு நேரத்தில் இருவருக்கிடையே மட்டுமே செல்லும். இலண்டன் பேசும்போது ரொறன்ரோ எழுத்தை வாசித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1992இல் உருவான சீயூ-சீமீ என்னும் மென்பொருள், நடுவே ஒரு சேவைக் கணினியை வைத்துப் பலரை ஒரே திரையில் கூட்டிவிட்டது; ஆனால் தொடக்கத்தில் அதற்குப் படம் மட்டுமே இருந்தது, குரல் இல்லை. அத்தகைய நடுக்கணினியொன்றை எந்நேரமும் இயக்கி வைத்திருக்கத்தக்க நிரந்தர இணைப்பும் எம்மிடம் கிடையாது.

கணினியைத் தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தில் இணைக்கும் எமது மொடத்தின் பெட்டியில் 56 கிலோபிட் என்று அச்சிட்டிருந்தாலும், அது அனுப்பும் திசையில் நொடிக்கு 33.6 கிலோபிட்டுக்கு மேல் தராது. உட்துறைமுக வீதியிலுள்ள எமது மண்டபத்துத் தொலைபேசிக் கம்பியில், மாரி மழைக் காலத்தில் அதுவும் வந்து சேர்வதில்லை. சாதாரணத் தொலைபேசித் தரத்தில் குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் தேவை, ஜி.723.1 என்னும் சுருக்கமுறை அதை 6.3 ஆகக் குறைக்கிறது என்பதைப் படித்துத்தான் துணிந்து இறங்கினோம். ஆனால் இணையத்தில் செல்லும் சிறு தரவுப் பொதிகளாக, 30 மில்லிசெக்கனுக்கு ஒன்றாகக் குரல் புறப்படும்போது, பொதியில் குரல் 24 பைட்டாகவும் முகவரி முதலிய தலைப்புகள் 40 பைட்டாகவும் இருப்பதால், உண்மையில் செலவாவது நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோபிட். எஞ்சியதில்தான் படம் செல்ல வேண்டும். அப்படிச் சென்ற படத்தில் தலைவரின் கை மேசைக்கு மேலும் கீழும் தாவியதே தவிர, இடையில் அது அசைந்ததை எவரும் கண்டதில்லை. படம் ஓடத் தொடங்கியதும் குரல் துண்டு துண்டாகியது. கூட்டத்துக்கு முகத்தைவிடக் குரலே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. அதனால் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து கமராவைக் கழற்றி வைத்தோம்.

குரல் சீரான பின்பும் உரையாடல் சீராகவில்லை. ஒரு திசைத் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருப்பது நன்று, 400ஐத் தாண்டக்கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திலுள்ள செய்மதி வழியாகச் சென்றால், ஒரு தடவை ஏறி இறங்குவதற்கே கால் நொடி போய்விடும். மொடம் எடுக்கும் நேரமும், பொதிகளை வரிசைப்படுத்தக் கணினி எடுக்கும் நேரமும் அதற்கு மேல். இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கி, இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தி, பின்பு “கேக்குதா?” என்று கேட்பதிலேயே நேரம் கழிந்தது. எமது கணினியில் ஒலியைக் கையாளும் பழைய சவுண்ட் காட் ஒரே வேளையில் கேட்கவும் பேசவும் வல்லதன்று. ஆகவே பேசி முடித்தவர் “சரி” என்று சொல்வது என ஒழுங்கு செய்தோம். ஒலிபெருக்கியில் வந்த குரல் மீண்டும் ஒலிவாங்கியில் புகுந்து எதிரொலித்ததால், தலையணி ஒலிவாங்கியை ஒருவர் மாட்டிக்கொண்டு, கேட்டதைச் சபைக்கு உரத்துச் சொல்லும் நிலையும் ஏற்பட்டது.

இவை எல்லாவற்றையும்விடக் குழப்பமானது வேறொன்று. இலண்டன் உறுப்பினர் சொல்வது எமக்குத் தெளிவாகக் கேட்டது. நாம் சொல்வது அவருக்குப் போகவேயில்லை. அவரது வீட்டில் பல கணினிகள் ஒரே இணைய முகவரியை ரவுட்டர் மூலம் பகிர்ந்துகொள்கின்றன. நெட்மீட்டிங் பின்பற்றும் எச்.323 முறையோ, வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரியைச் செய்தியினுள் எழுதி அனுப்பிவிட, எமது குரல் அந்த முகவரியைத் தேடிக் காணாமல் போகிறது. குரல் கணினிக்குள் நுழையும் வாயில்களின் எண்களும் ஒவ்வோர் அழைப்பிலும் மாறுவதால் ரவுட்டரில் ஓரிரு வாயில்களைத் திறந்துவைப்பதும் பயன்படவில்லை. அவர் ரவுட்டரை விலக்கி நேரே இணைந்த நாட்களில் மட்டும் கூட்டம் நடந்தது.

கடந்த ஓகஸ்ட்டில் சோதனைப் பதிப்பாக வெளிவந்த ஸ்கைப், இத்தகைய ரவுட்டர்களுக்குப் பின்னாலிருந்தும் இணைகிறது. அதில் படம் இல்லை என்று சில உறுப்பினர் குறைப்பட்டார்கள். மேற்சொன்னவற்றின் பின் அது எனக்குக் குறையாகத் தோன்றவில்லை. ஆனால் அதற்கு விண்டோஸ் 2000 அல்லது எக்ஸ்பி வேண்டும். சங்கக் கணினியில் இருப்பது விண்டோஸ் 98.

எனவே 2004இல் மாதாந்தக் கூட்டங்களைக் குரல்வழியே மட்டும் நடத்துவதற்கும், எக்ஸ்பி இயங்கத்தக்க கணினியொன்றையும் இருதிசையிலும் ஒருங்கே இயங்கும் சவுண்ட் காட் ஒன்றையும் வாங்குவதற்கும், இணைய இணைப்பில் எமது தொலைபேசிக் கம்பி பிடிபட்டிருக்கும்போது வெளிநாட்டு உறுப்பினர் எம்மை அழைக்க இரண்டாவது தொலைபேசி இணைப்புக்கு விண்ணப்பிப்பதற்கும் சபையின் அனுமதியைக் கோரி, இவ்வறிக்கையை அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்,
திருகோணமலை.