ஒரே டேங்கில் வந்து திரும்பப் போகிறவனுக்கு

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. பழைய நூறு சிசி வண்டி ஒன்றை வாங்கியிருக்கிறாய். ஆடி அமாவாசைக்கு மதுரையிலிருந்து அதிலேயே வந்து, திரும்பி வீடு சேரும்வரை எந்த பங்கிலும் நிற்கப் போவதில்லை என்று அலுவலகத்தில் பந்தயமும் கட்டியிருக்கிறாய். அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வருகிறவனுக்கு இந்த வீம்பு எதற்கு என்று என் மனைவி கேட்கிறாள். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. 2022இல் ஆதிகேசவப் பெருமாள் கோயில் குடமுழுக்குக்கு வந்ததோடு சரி; ஏதோ ஒரு சாக்கில் நீ வந்தால் போதும்.

இங்கே மழை விட்டபாடில்லை. ரப்பரில் பால்வெட்டு பாதி நாள் நடப்பதில்லை. கையில் வேலை இல்லாததால் உன் கணக்கை நான் உட்கார்ந்து போட்டேன்.

மதுரையிலிருந்து நாகர்கோவில் ஏறக்குறைய 245 கிலோமீட்டர். தக்கலை வழியாக என் வீட்டுக்கு இன்னும் முப்பது. போய்வர 550. உன் டேங்க் கொள்வதோ பத்து லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கடைசிச் சொட்டு வரை எரித்தாலும் வண்டி லிட்டருக்கு 56 கிலோமீட்டர் கொடுத்தாக வேண்டும். இதில் திருவட்டாறிலிருந்து கன்னியாகுமரி போய்வரும் தூரத்தை நீ சேர்க்கவே இல்லை. அது நூறுக்குப் பக்கம். அமாவாசையன்று நாம் பஸ்ஸில் போவோம். கூட்டத்தில் வண்டியை நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம், உன் பந்தயமும் பிழைக்கும். 2024 டிசம்பர் 30இல் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நீ இன்னும் நடக்கவில்லை அல்லவா? விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர். காற்று அதிகம் இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அது நம் யோகம்.

சரி, உன் வண்டி 56 கொடுக்குமா? அறுபது கொடுக்கும் என்று விற்றவர் சொன்னார் என்கிறாய். விற்கிறவர் வேறு என்ன சொல்வார்! இருநூறு ரூபாய்க்குப் போட்டால் மூன்று நாள் ஓடுகிறது என்பதும் கணக்கே இல்லை. ரூபாயையும் நாளையும் வைத்து மைலேஜ் பார்க்க முடியாது. லிட்டரும் கிலோமீட்டரும் வேண்டும்.

அதற்கு வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பெட்ரோல் போடு. சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் டேங்கின் ஒரு தோளில் காற்று தங்கிவிடும். நிறைந்ததுபோல் தெரியும், நிறைந்திருக்காது. வாய்க்குள் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிற தகட்டு விளிம்பைப் பார்த்திருப்பாய். பங்குக் குழாயின் முனை தானாக நின்றதும் நுரை அடங்கும்வரை பொறுத்திருந்து, அந்த விளிம்பின் அடிப்பக்கத்தைப் பெட்ரோல் தொடும்வரை மெல்ல விடச் சொல். அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். பத்து லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால் 140 மில்லி அளவுக்குப் பெருகும். அதற்கு இடம் விடாவிட்டால் வெயிலில் மூடி வழியாகக் கசிந்து டேங்கின் பெயிண்டைக் கெடுக்கும். பிறகு மீட்டரைக் குறித்துக்கொண்டு ஓட்டு. அடுத்த முறை அதே பங்கில், அதே விளிம்பு வரை போடு. இப்போது எத்தனை லிட்டர் பிடித்ததோ அதனால் ஓடிய தூரத்தை வகுத்துக்கொள். 240 ஓடி 4.2 லிட்டர் பிடித்தால் 57. ஒரு தடவை பார்த்ததை நம்பாதே, இரண்டு மூன்று முறை ஒரே மாதிரி வரட்டும்.

காலையில் குளிர்ந்த நேரத்தில் போட்டால் கூடுதலாகக் கிடைக்கும், நூறுக்குப் பதில் நூற்றுப் பத்துக்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்றெல்லாம் எழுதியிருக்கிறாயே, அவற்றை விட்டுவிடு. பங்கின் டேங்க் மண்ணுக்கு அடியில் இருக்கிறது, பகல் வெயில் அதை அவ்வளவு சீக்கிரம் எட்டாது. மீட்டரில் பூஜ்யம் இருக்கிறதா என்று பார். சந்தேகம் வந்தால் முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல். கேட்க உனக்கு உரிமை உண்டு.

பழைய வண்டி என்பதால் இன்னொன்று. இப்போது விற்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் வெப்பச் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய வகை இருசக்கர வாகனங்களுக்கு இந்தக் கலப்பால் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையிலேயே இருக்கிறது. நம் ஊர் மழைக்கு அதைவிடப் பெரிய தொல்லை தண்ணீர். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அளவு மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் போய்த் தங்கும். டேங்க் மூடியைச் சுற்றியிருக்கும் பள்ளத்தில் மழைநீர் வடிய ஒரு சிறு ஓட்டை உண்டு. பழைய வண்டிகளில் அது பெரும்பாலும் மண்ணால் அடைத்திருக்கும், மூடியைத் திறந்ததும் தேங்கிய நீர் உள்ளே இறங்கிவிடும். மெல்லிய கம்பியை விட்டுச் சுத்தம் செய். மூடியிலுள்ள காற்றுத் துளையையும் பார்த்துக்கொள். அது அடைத்தால் பெட்ரோல் இருந்தும் வண்டி நின்றுபோகும். மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று இழுக்கும், உடனே கிளம்பிவிடும். பாதிப் பேர் இதற்கு கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள்!

ரிசர்வ் என்பது தனி டேங்க் இல்லை, தெரியும்தானே? பெட்ரோல் குழாயில் உயரமான வாய் ஒன்று, தாழ்ந்த வாய் ஒன்று. ரிசர்வில் போட்டால் தாழ்ந்த வாய் திறக்கிறது, அவ்வளவுதான். அடியில் கிடக்கும் தண்ணீரும் அழுக்கும் அதன் வழியாகத்தான் வரும். ஆகவே உன் 550இல் ரிசர்வைச் சேர்க்காதே என்பது என் கட்சி. சேர்க்காவிட்டால் 56 போதாது, அறுபதையும் தாண்ட வேண்டும்.

இனி காற்று. ‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்பதை நம் மாவட்டத்து எல்லையில் கண்ணால் பார்க்கலாம். வள்ளியூர் தாண்டி, காவல்கிணற்றில் மேற்கே திரும்பினாயானால் முப்பந்தல் காற்றாலைகள் முழுவீச்சில் சுற்றிக்கொண்டிருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாயும் மேல்காற்று நேராக உன் நெஞ்சில் மோதும். ஐம்பதில் போகும்போது எதிர்க்காற்று முப்பது இருந்தால், வண்டி எண்பதில் போவதற்குச் சமமான காற்றுத் தடையைச் சுமக்கிறது. காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏறுவதால் அது இரண்டரை மடங்கு. நான்குவழிச் சாலையைக் கண்டதும் எண்பதில் பறந்தால் மதுரையிலிருந்தே அந்தத் தண்டனைதான். தோவாளை வந்ததும் காற்று கொஞ்சம் தணியும். தக்கலைக்குப் பிறகு ஏற்றமும் இறக்கமும். திரும்பும்போது அதே கணவாய் முதுகில் தள்ளிவிடும், ஆனால் வரும்போது போனதெல்லாம் அதில் திரும்பக் கிடைக்காது.

டயரில் காற்றை வாரம் ஒருமுறை பார், செயினுக்கு எண்ணெய் விடு. பிரேக்கைத் தொடாமல் பின் சக்கரத்தைக் கையால் சுற்றினால் தடங்கலில்லாமல் ஓட வேண்டும். உரசினால் ஒர்க்‌ஷாப்பில் சொல்.

தோற்றுப்போனால் வெட்கப்படாதே. களியக்காவிளைப் பக்கம் வந்து பார், கேரள வண்டிகள் எல்லை தாண்டி வந்து நம் பங்குகளில் வரிசையில் நிற்கின்றன. இங்கே 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு மூன்று ரூபாய் வரி குறைத்தார்கள், அங்கே 2023 ஏப்ரலில் இரண்டு ரூபாய் செஸ் என்ற கூடுதல் வரி ஏற்றினார்கள். மலிவு என்று அவர்கள் தேடி வருகிற பெட்ரோலை நீ வேண்டாம் என்று விட்டுப் போக வேண்டுமா?

என்றைக்குக் கிளம்புகிறாய் என்று எழுது, மட்டிப்பழக் குலை ஒன்று பழுக்க வைக்கிறேன். சுங்குடிப் புடவை ஒன்று வாங்கிவரச் சொன்னாள் என் மனைவி. நீல நிறமாம். பணத்தை இங்கே தந்துவிடுவாள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்
திருவட்டாறு